விசாகப்பட்டினத்தில் இரண்டு நாள் விடுமுறையில் எவற்றைப் பார்க்கலாம்?

ராமகிருஷ்ணா கடற்கரையில் கரையேற்றி நிறுத்தப்பட்டுள்ள ஐ.என்.எஸ். குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து தொடங்குங்கள். சோவியத் ஒன்றியத்தில் கட்டப்பட்டு, 1969 முதல் 2001 வரை இந்தியக் கடற்படையில் பணியாற்றிய இக்கப்பல் 2002இல் அருங்காட்சியகமானது. உடலைக் குறுக்கி நுழைய வேண்டிய வட்டக் கதவுகளையும், புரண்டு படுக்கவும் இடமில்லாத அடுக்குப் படுக்கைகளையும், டார்பிடோ குழாய்களையும் அருகில் காணும்போது மாலுமிகளின் கடலடி வாழ்க்கை எவ்வளவு நெருக்கடியானது என்பது புரியும். திங்கட்கிழமை மட்டும் விடுமுறை. எதிரிலேயே டியு-142 விமான அருங்காட்சியகமும் உள்ளது. மாலையில் ரோப்காரில் கைலாசகிரிக்கு ஏறினால் கரையின் வளைவு முழுவதும் தெரியும். மறுநாள் காலை சிம்மாசலம் செல்லலாம். அங்கு ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பில் இருக்கும் மூலவரின் நிஜரூப தரிசனம் அட்சய திருதியையன்று மட்டுமே கிட்டும். கடலில் கால் நனைக்க ருஷிகொண்டாவே மேல். அரக்குப் பள்ளத்தாக்கை இதற்குள் திணிக்க வேண்டாம்; சுரங்கப்பாதைகள் வழியே மலையேறும் அந்த ரயில் பயணத்துக்கே ஒரு நாளைத் தனியாக ஒதுக்க வேண்டும்.