கோச் பஸ்ஸின் முன் சக்கர ஹப்பில் எண்ணெய் குறைவது

வெளியே ஒரு சொட்டுகூட இல்லை, ஆனால் ஹப்பின் (பேரிங் இருக்கும் சக்கர நடுப்பகுதி) மூடிக் கண்ணாடியில் எண்ணெய் மட்டம் வாராவாரம் இறங்குகிறது என்றால் எண்ணெய் கசியாமல் தடுக்கும் உள்பக்க ஆயில் சீல்தான் போயிருக்கும். சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள்; பிரேக் லைனிங் ஈரமாகக் கறுத்து, டயரின் உள்சுவரில் எண்ணெய் விசிறியடித்த கோடுகள் தெரியும்.

சீல் மாற்றும் முன் மூடி நடுவில் இருக்கும் ரப்பர் வென்ட் பிளக்கை (உள்ளே ஏறும் அழுத்தத்தை வெளியேற்றும் அடைப்பான்) துடைத்துப் பாருங்கள், அது அடைத்திருந்தால் ஹப் சூடாகும்போது அழுத்தம் ஏறி புது சீல் வழியாகவும் எண்ணெய் வெளியேறும். பலர் தவறவிடுவது இதைத்தான்.

அப்புறம், எண்ணெய் ஊற்றியதும் பேரிங்குக்குள் மெல்லத்தான் இறங்கும். வண்டி சமதளத்தில் நிற்க, கால் மணி நேரம் விட்டு மறுபடி மூடிக் கண்ணாடியில் உள்ள கோடு வரை நிரப்புங்கள்.

எண்ணெய் ஊறிய லைனிங்கைக் கழுவி மாட்டாதீர்கள், இடது, வலது இரண்டு சக்கரத்துக்கும் புதிதாகப் போடுங்கள். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பேரிங்கைக் கழற்றிப் பார்க்காமல் ஓட்டவே வேண்டாம்.