பயிர்க் கணக்கில் எதைக் கேட்பது, எதை விடுவது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை கடிதங்கள் நிறைய வந்திருக்கின்றன. பாதிக்கு மேல் நம் பர்மாவின் பெகு, தட்டோன் பக்கத்திலிருந்து. ஊர்ச் சங்கங்கள் தாங்களாகவே கிராமக் கணக்கு எடுக்க இறங்கியிருப்பது பெரிய சந்தோஷம். ஆனால் நீங்கள் அனுப்பியிருக்கும் எண்களில் முக்கால்வாசிக்குப் பருவமும் இல்லை, அளவையும் இல்லை. இவை இரண்டும் இல்லாத எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இதைப் பல முறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன்.

கேள்வி: எங்கள் இளைஞர் சங்கம் 140 கேள்விகளோடு ஒரு படிவம் தயாரித்திருக்கிறது. எதையும் விட மனம் வரவில்லை. எப்படிக் குறைப்பது? (பெகு)

படிவம் முழுவதையும் படித்தேன். வீட்டில் எத்தனை நாற்காலி என்று கேட்டிருக்கிறீர்கள். மழைக்கால நெல் எத்தனை ஏக்கர், கோடை நெல் எத்தனை ஏக்கர் என்று பிரித்துக் கேட்க ஒரு கட்டம்கூட இல்லை.

ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் மூன்று விஷயம் எழுதுங்கள்: இந்தப் பதில் யாருக்கு வேண்டும், அதை வைத்து அவர் என்ன முடிவெடுப்பார், எந்த மாதத்துக்குள் அது அவர் கைக்குப் போக வேண்டும். எழுத ஒன்றும் இல்லாத கேள்வியை அடித்துவிடுங்கள். நான் அடித்துப் பார்த்ததில் 25 மிஞ்சியது. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு பத்தாண்டுக்கொரு முறை வெளியிடும் வேளாண் கணக்கெடுப்பு வழிகாட்டியிலும் எந்த நாடும் விடக்கூடாத விவரங்கள் கொஞ்சம்தான். 2010 சுற்றில் 16, 2020 சுற்றில் இருபதுக்குச் சற்று மேல். ஒரு நாட்டுக்கே அவ்வளவு போதும் என்றால் ஒரு கிராமத்துக்கு 140 எதற்கு?

உங்கள் படிவத்தில் நிலப்பரப்பு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பயிர்வாரியாக விதைத்த ஏக்கர், அறுத்த ஏக்கர், விளைச்சல், கால்நடை, வேலை செய்யும் ஆட்கள், பயிர் பற்றி முடிவெடுப்பவர் யார், இவை இருக்கட்டும். விதைத்ததையும் அறுத்ததையும் ஒரே கட்டத்தில் போடாதீர்கள். பத்து ஏக்கர் நட்டு, வெள்ளம் மூன்றைக் கொண்டுபோனால் அறுத்தது ஏழு. விளைச்சலை எதால் வகுத்தீர்கள் என்று தெரியாவிட்டால் அந்த வருஷத்து வெள்ளமே கணக்கில் காணாமல் போய்விடும்.

அப்புறம், அரை மணி நேரத்துக்கு மேல் போனால் விவசாயி உங்களை அனுப்பிவைப்பதற்காகத்தான் பதில் சொல்வார். அவர் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போக வேண்டும்.

கேள்வி: ஏக்கருக்கு 60 கூடை என்பது நல்ல விளைச்சலா? (ஊர் பெயர் இல்லை)

எதன் கூடை? நெல்லா, அரிசியா, உளுந்தா? ஊர் பெயரும் எழுதவில்லை, பயிர் பெயரும் எழுதவில்லை.

நம் நாட்டில் கூடை என்ற அளவை பயிருக்குப் பயிர் மாறும். நெல் ஒரு கூடை 46 ராத்தல் (பவுண்டு), அரிசி 75, எள் 54, தோலோடு நிலக்கடலை 25. உளுந்தும் பாசிப்பயறும் 72. ஒரு கூடை அரிசிக்குச் சுமார் இரண்டரைக் கூடை நெல்லைக் குத்த வேண்டும். ஆகவே வெறும் கூடை என்று எழுதினால் படிப்பவர் இரண்டு மடங்குக்கு மேல் தப்பாகப் புரிந்துகொள்ள இடமிருக்கிறது. வீசையும் அப்படித்தான். இங்கே ஒரு வீசை 1.6 கிலோவுக்குச் சற்று மேல். தாத்தா காலத்து மதராஸ் வீசை 1.4 கிலோ. ஊர்ப் பழைய நோட்டுகளிலிருந்து எண் எடுப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

நீங்கள் கேட்டது நெல் என்றே வைத்துக்கொள்வோம். 60 கூடை சுமார் 1250 கிலோ. அறுத்த அன்றே அளந்தீர்களா, காயவைத்தா? ஈரம் நூற்றுக்கு 22 இருக்கும்போது அளந்த 100 கூடை, 14க்குக் காய்ந்ததும் 91 கூடைதான். இதையெல்லாம் எழுதி அனுப்புங்கள், சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் கிராமத்து நிலம் மொத்தம் 700 ஏக்கர். பயிர்க் கணக்கில் 1100 ஏக்கர் வருகிறது. கூட்டியதில் பிழையா? (ஜியாவடி)

பிழை இல்லை. மழைக்கால நெல் அறுத்த அதே மண்ணில் உளுந்தோ கோடை நெல்லோ போட்டிருப்பார்கள். கோடை நெல் பெரிய அளவில் வந்தது 1992க்குப் பிறகு. அன்றிலிருந்து நிலப்பரப்பு வேறு, பயிர்ப்பரப்பு வேறு. இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள், பருவத்தோடு.

கேள்வி: என் அப்பா முப்பது வருஷமாக எட்டு ஏக்கரில் நெல்லும் உளுந்தும் போடுகிறார். நிலத்துக்கான சான்றான ஏழாம் எண் படிவம் வேறொருவர் பெயரில் இருக்கிறது. கணக்கெடுக்க வந்தவர், நிலம் இல்லை, விவசாயி அல்ல என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். இது சரியா? (தட்டோன்)

சரியில்லை தம்பி. முழுக்கத் தப்பு. எனக்குக் கோபம் வரும் விஷயம் இது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வேளாண் கணக்கெடுப்பில் பண்ணையாளர் என்பவர் பத்திரத்தில் பெயர் இருப்பவர் அல்ல. என்ன பயிர், எப்போது நடவு, எவ்வளவு உரம் என்று முடிவெடுத்து அந்த நிலத்தை நடத்துபவர்தான் பண்ணையாளர். உலகம் முழுக்க இதுதான் இலக்கணம். நம் நாட்டில் இது இன்னும் முக்கியம். 1948இல் நிலத்தைத் தேசியமயமாக்கும் சட்டம் வந்தது. இன்றைக்கும் நிலத்துக்குக் கடைசி உரிமை அரசுக்குத்தான். 2012ஆம் ஆண்டு விவசாய நிலச் சட்டத்தின் கீழ் தரும் ஏழாம் எண் படிவம் பயன்படுத்தும் உரிமைக்கான சான்று. அப்படி இருக்க, சொந்த நிலமா என்ற ஒரே கேள்வியை வைத்து ஒருவர் விவசாயியா இல்லையா என்று எப்படித் தீர்மானிப்பது?

நம் தமிழ் ஜனங்களில் எத்தனை பேர் குடியுரிமைக் காகிதம் சரியாக இல்லாததால் அடுத்தவர் பெயரில் பயிர் செய்கிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பத்திரத்தைப் பார்த்துக் கணக்கெடுத்தால் அவர்கள் ஒருவர்கூட வரமாட்டார்கள். விதைக்கடனுக்கும் வெள்ள நிவாரணத்துக்கும் பட்டியல் போடும்போது, கணக்கில் இல்லாதவர் விடுபட்டுப் போகலாம்.

நான் கணக்கெடுக்கப் போன முதல் வருஷம், ஒரு களத்து மேட்டில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். காலில் சேறு முழங்கால் வரை காய்ந்து வெடித்திருந்தது. பதர் தூற்றும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, எந்த வயலில் எத்தனை கூடை என்று விரல் விட்டுச் சொன்னார். அறுபது கூடை கூடக் குறைய இல்லாமல் சரியாக இருந்தது. என் கையிலிருந்த பதிவேட்டில் டவுனில் இருக்கும் வேறொருவர் பெயர். மேலே இருந்தவர்கள் பதிவேட்டில் உள்ளதை எழுதச் சொல்லியிருந்தார்கள். எழுதினேன். அந்த மனிதர் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. அது என் மனதில் இன்னும் கிடக்கிறது.

இதில் நமக்குப் பழைய பாடம் ஒன்று உண்டு. கீழ் பர்மாவின் 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் 1930இல் நூற்றுக்கு 6, 1938க்குள் 25. நெல் விலை சரிந்து, கடன் கட்ட முடியாமல் நிலம் கைமாறியது. இந்த எண் நமக்கு இன்று தெரிவதற்குக் காரணம், நிலம் யார் வசம் என்று அன்றைக்குக் கணக்கு வைத்திருந்ததுதான். ஆனால் அதே நிலத்தில் குத்தகைக்கு உழுதவரும், கப்பலில் வந்து அறுவடைக் கூலிக்கு நின்றவரும் எத்தனை பேர், என்ன கூலி வாங்கினார்கள் என்று அந்த அளவுக்குத் துல்லியமாகச் சொல்ல முடிகிறதா? உடைமையை எண்ணினார்கள், உழைத்தவரை அந்த அக்கறையோடு எண்ணவில்லை. தொண்ணூறு வருஷம் கழித்தும் அதே தப்பைச் செய்ய வேண்டுமா?

நிலமே இல்லாத கூலிக் குடும்பங்கள் பண்ணைக் கணக்கில் வரவே மாட்டார்கள், ஏனென்றால் அந்தக் கணக்கு பண்ணை பண்ணையாகப் போகிறது. அதற்கு வழி, வீடு வீடாகப் போகும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இரண்டு மூன்று விவசாயக் கேள்விகளைச் சேர்ப்பது. 2014 கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் பத்துக்கு ஏழு பேர் கிராமத்தில் இருக்கிறார்கள். கிராமப் புள்ளிவிவரம் என்றால் அந்த ஏழு பேரையும் பற்றியது.

உங்கள் அப்பா விஷயத்தில், கிராம நிர்வாகியிடம் போய், பயிர் செய்பவர் பெயர் தனி, பதிவுப் பெயர் தனி என்று இரண்டு கட்டமாக எழுதச் சொல்லுங்கள். பொறுமையாகச் சொல்லுங்கள், ஆனால் எழுதாமல் விடாதீர்கள்.

கேள்வி: எந்தப் பயிரையெல்லாம் கணக்கெடுப்பது என்ற உலகப் பட்டியலில் கோதுமை, பார்லி, பருத்தி எல்லாம் இருக்கின்றன, உளுந்து இல்லை. நாமும் அதையே பின்பற்ற வேண்டுமா? (ரங்கூன், பயறு வியாபாரி)

வேண்டாம். 2010இல் ஐ.நா. புள்ளியியல் ஆணையம் ஏற்ற வேளாண் புள்ளிவிவரத் திட்டம் நாடுகளை ஒப்பிடுவதற்கான குறைந்தபட்சப் பட்டியலைத் தருகிறது. தனக்கு முக்கியமானதை ஒவ்வொரு நாடும் சேர்த்துக்கொள்ளலாம் என்று அதுவே சொல்கிறது. நமக்கு உளுந்து, பாசிப்பயறு, துவரை, எள் இல்லாமல் கணக்கே இல்லை.

2017 ஆகஸ்ட் உங்களுக்கு நினைவிருக்கும். இந்தியா துவரைக்கு 2 லட்சம் டன், உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து 3 லட்சம் டன் என்று இறக்குமதிக்கு வரம்பு போட்டது. அப்போது சரக்கு வயலில் இல்லை. அறுத்து மாசக்கணக்காகிக் கிடங்கில் இருந்தது. அந்த நேரத்தில் தேவைப்பட்ட எண் கிடங்கு இருப்பு. அதைத்தான் யாரும் வெளியே சொல்வதில்லை, நீங்கள் உட்பட. 2021இல் ஐந்து வருஷத்துக்கு, வருஷம் இரண்டரை லட்சம் டன் உளுந்து, ஒரு லட்சம் டன் துவரை நம்மிடமிருந்து இந்தியாவுக்குப் போகும் என்று ஒப்பந்தம் வந்தது. இப்படி ஒரு ஒப்பந்தத்தை வைத்து எவ்வளவு விதைப்பது என்று விவசாயி முடிவெடுக்க வேண்டுமானால், இருப்பு எவ்வளவு என்ற எண் மழைக்கால நெல் அறுவடைக்குள் அவர் காதுக்கு வர வேண்டும். வியாபாரிகள் இருப்பை மறைத்துக்கொண்டு, கணக்கு சரியில்லை என்று குறைப்படக் கூடாது.

கேள்வி: செயற்கைக்கோள் இருக்கும்போது ஆள் போய்க் கேட்பது எதற்கு? (மோல்மேன்)

ரேடார் படம் மழை மேகத்தையும் தாண்டி நடவு வயலைக் காட்டும். ஏக்கருக்கு அது பெரிய உதவி. யார் நட்டார், எத்தனை கூடை வீட்டுக்கு வந்தது, மாடு எத்தனை என்று அது சொல்லாது.

கேள்வி: மாட்டுக் கணக்கை மொத்தமாக எழுதினால் போதாதா? (பியாப்போன்)

நீங்கள் இதைக் கேட்கலாமா? 2008 மே மாதம் உங்கள் பக்கம் நர்கிஸ் புயல் அடித்தது. ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல் ஜனங்கள் இறந்தும் காணாமலும் போனார்கள். தப்பியவர்களுக்கு ஜூனில் உழவு. உழவு மாடும் எருமையும் எங்கே எத்தனை இருந்தன என்று தெரிந்தால்தான் எந்த ஊருக்கு எத்தனை கைடிராக்டர் என்று கணக்குப் போட முடியும். கன்றையும் கறவையையும் உழவு மாட்டோடு கூட்டினால் அந்த எண் பயன்படாது. பிரித்து எழுதுங்கள், எந்த மாதத்தில் எண்ணினீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

கேள்வி: வீட்டுக்காரர் மலேசியாவில் வேலை பார்க்கிறார். ஆறு ஏக்கரையும் நான்தான் பார்க்கிறேன். படிவத்தில் குடும்பத் தலைவர் என்று அவர் பெயரை எழுதியிருக்கிறார்கள். (சௌத்தகா)

குடும்பத் தலைவர் கட்டத்தில் அவர் பெயர் இருக்கட்டும் அம்மா. பண்ணையாளர் கட்டத்தில் உங்கள் பெயர்தான் வர வேண்டும். அடுத்த முறை எழுத வரும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.