பதில்: தங்கைக்கு 21ஆவது வார ஸ்கேனில் குறை, நான் என்ன சொல்வது?

ஸ்கேனில் குழந்தையின் இதயத்தில் பெரிய குறை, மாமியார் ‘பெற்றுக்கொள்’ என்கிறார், அம்மா ‘வேண்டாம்’ என்கிறார், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் கூட இருப்பது நீங்கள் மட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில், நீங்கள் எந்தப் பக்கமும் சேராதீர்கள்.

தென்னாப்பிரிக்காவின் 1996ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டப்படி, கலைப்பதற்குச் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டியவள் உங்கள் தங்கை மட்டுமே. கணவரின் சம்மதம்கூடக் கட்டாயமில்லை. 20 வாரம் தாண்டிவிட்டதால், கருவைக் கலைப்பதென்றால் குறை கடுமையானது என்று ஒரு மருத்துவர், இன்னொரு மருத்துவரையோ பதிவுபெற்ற மருத்துவச்சியையோ கலந்துபேசிய பிறகு கருத வேண்டும். தொடர்வதும் அவள் உரிமைதான்.

ஸ்கேன் பார்த்த மருத்துவரிடம், டர்பனில் உள்ள கரு மருத்துவ நிபுணருக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். கூடவே போய், ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: குறையின் சரியான பெயர் என்ன? வேறு உறுப்பில் ஏதாவது உண்டா? பனிக்குட நீர்ப் பரிசோதனை தேவையா, முடிவு எப்போது வரும்? எத்தனை அறுவை சிகிச்சை, அதற்கு அப்புறம் வாழ்க்கை எப்படி? அந்த அறையில் அவள் காதில் பாதிகூட விழாது, அதனால்தான் நோட்டு.

வீட்டில் ‘என்ன முடிவு பண்ணினாய்?’ என்று கேட்காதீர்கள். ‘சாப்பிட்டாயா?’ போதும். அவள் கணவரையும் விசாரியுங்கள், அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

‘கிரகணத்தன்று வெளியே போனாளா?’ என்று யாராவது ஆரம்பிப்பார்கள் (ஆரம்பிக்காத குடும்பத்தை நான் பார்த்ததில்லை). கரு உருவாகும் முதல் வாரங்களிலேயே இதயம் அமைந்துவிடுகிறது, கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லி நிறுத்துங்கள். ஊரிலிருந்து வரும் போனையெல்லாம் இனி நீங்களே எடுங்கள். வளைகாப்புத் தேதி கேட்டால், ‘அப்புறம் சொல்கிறோம்’ என்று முடித்துவிடுங்கள்.