ஜெனீவாவுக்குப் பெட்டி கட்டும் முன்: மதுரைப் பக்கத்துக் கேள்விகள்

சர்வதேச அமைப்புகளில் இன்டர்ன்ஷிப் (குறுகிய காலப் பயிற்சிப் பணி) கிடைத்த பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. நானும் மதுரையிலிருந்து கிளம்பிப்போய் ஜெனீவாவில் ஆறு மாதம் இன்டர்னாக இருந்தவள்தான். இப்போது கிளம்புகிறவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

என் மகளுக்கு ஜெனீவாவில் ஐ.நா. செயலகத்தில் ஆறு மாத இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. சம்பளம் கிடையாதாம். நகையை அடகு வைத்து அனுப்பலாமா?
(ஒரு தாய், திருமங்கலம்)

அம்மா, மகளுக்கு என் வாழ்த்துகள். ஆனால் நகையை வைக்க வேண்டாம். செயலகம் இன்டர்ன்களுக்கு உதவித்தொகை தருவதில்லை. டிக்கெட், விசா, வாடகை, மருத்துவக் காப்பீடு எல்லாமே உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும். ஜெனீவாவோ செலவு மிக அதிகமான ஊர். முடித்ததும் அங்கேயே வேலை தருகிறோம் என்று யாரும் உறுதி சொல்வதும் இல்லை. அதை நம்பி வட்டி கட்ட ஆரம்பித்தால் வீடே தவித்துப்போகும்.

விட மனசில்லை என்றால், காலத்தைக் குறைக்க முடியுமா என்று மகளையே கேட்கச் சொல்லுங்கள். செயலக இன்டர்ன்ஷிப் 2 மாதத்திலிருந்து 6 மாதம் வரை இருக்கும். கேட்டால் வாய்ப்பு பறிபோய்விடும் என்று பயப்பட வேண்டாம். அதோடு மற்ற இடங்களுக்கும் விண்ணப்பிக்கட்டும். உலக சுகாதார நிறுவனம் 2020 முதல் உதவித்தொகை கொடுக்கிறது. சர்வதேச தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் கொடுக்கின்றன. செயலகத்திலேயே வேண்டுமென்றால் பாங்காக், நைரோபி அலுவலகங்கள் இருக்கின்றன. அங்கே வாடகையும் சாப்பாடும் ஜெனீவா அளவுக்குக் கடிக்காது. பட்டம் வாங்கி ஒரு வருஷத்துக்குள் சேரலாம் என்பதால், இந்தத் தடவை விட்டாலும் இன்னொரு தடவை முயன்று பார்க்கலாம்.

ஐ.நா.வில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லி ஒருவர் 60,000 ரூபாய் கேட்கிறார். நம்பலாமா?
(மாணவர், மேலூர்)

கொடுக்காதீர்கள். விண்ணப்பம், நேர்காணல், பயிற்சி என எந்தக் கட்டத்திலும் ஐ.நா. பணம் வாங்குவதில்லை. ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடித்துப் புகார் சொல்லுங்கள்.

ஐந்து மாதம் தங்கப் போகிறேன். சாதாரண ஷெங்கன் விசா போதுமா?
(மாணவி, அண்ணா நகர்)

போதாது. அது ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான குறுகிய கால விசா, அதில் 90 நாள்தான் தங்கலாம். அதற்கு மேல் என்றால் ஸ்விட்சர்லாந்தின் டி வகை தேசிய விசா எடுக்க வேண்டும், அதற்கு நாளும் அதிகமாகும். தேர்வுக் கடிதத்தில் தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் தெளிவாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் திருத்திக் கேளுங்கள்.

இங்கிருந்தே அறை பிடிப்பது எப்படி? ஒருவர் அட்வான்ஸ் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன் என்கிறார்.
(மாணவர், வாடிப்பட்டி)

அவரோடு பேச்சை நிறுத்திவிடுங்கள். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், சாவி தபாலில் வரும் என்பது அங்கே ரொம்ப நாளாக ஓடுகிற ஏமாற்று. அழகான படம், ஊர் விலையில் பாதி வாடகை, "இன்றைக்கே பணம் போடுங்கள்" என்ற அவசரம், மூன்றும் சேர்ந்து வந்தால் உஷாராகிவிட வேண்டும்.

முதல் இரண்டு வாரத்துக்கு மட்டும் விடுதியில் இடம் போட்டுக்கொள்ளுங்கள். போய் இறங்கிய பிறகு நேரில் பார்த்து அறை எடுங்கள். கிளம்பப் போகிற இன்டர்ன்களின் அறைகள்தான் சீக்கிரம் கிடைக்கும், அதனால் உங்கள் பிரிவில் இப்போது இருக்கும் இன்டர்னின் மின்னஞ்சலைக் கேட்டு வாங்கி எழுதுங்கள். எனக்கு அப்படித்தான் கிடைத்தது. ஒப்பந்தம் போட்டு வீடு எடுத்தால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது, அந்தப் பணமும் உங்கள் பெயரில் வங்கிக் கணக்கில் கிடக்க வேண்டும். அங்கே சட்டமே அப்படித்தான்.

பல கட்டடங்களில் துணி துவைக்கும் மெஷின் எல்லோருக்கும் பொது. யாருக்கு எந்த நாள் என்று தாளில் எழுதி ஒட்டியிருப்பார்கள். அடுத்தவர் நாளில் துணியைப் போட்டால் சண்டைதான். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும், அரிசியும் பாலும் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள்.

அம்மா நெய்யும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் கட்டிவைத்திருக்கிறார்கள். கொண்டுபோகலாமா?
(மாணவி, திருப்பரங்குன்றம்)

இரண்டையும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். இந்தியாவிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் ஸ்விட்சர்லாந்துக்குள் கொண்டுபோகத் தடை இருக்கிறது, சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். பருப்புப் பொடி, இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், வத்தல் போதும். ஊறுகாயைக் கைப்பையில் வைக்காமல் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். மற்றதற்கு இலங்கைத் தமிழர் கடைகள் இருக்கின்றன. கறிவேப்பிலை, முருங்கைக்காய்கூடக் கிடைக்கும். கடைக்காரர் "எங்கயிருந்து வாறீங்கள்?" என்று கேட்கும்போது பாதிப் பாரம் இறங்கிவிடும்.

சேர்ந்து இரண்டு வாரமாகிறது. யாரும் வேலை தரவில்லை. கூட்டங்களில் ஓரமாக உட்கார்ந்துவிட்டு வருகிறேன். என்னைப் பிடிக்கவில்லையோ?
(ஜெனீவாவிலிருந்து ஓர் உசிலம்பட்டிக்காரர்)

தம்பி, பிடிக்காமல் இல்லை. நீங்கள் இருப்பதே அவர்கள் கண்ணில் படவில்லை. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். அங்கே ஒருவர் பேசாமல் இருந்தால், சொல்ல ஒன்றுமில்லை போல என்று விட்டுவிடுவார்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் மேலதிகாரி, "என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடு" என்றார். வயதில் என் அப்பாவுக்கு மூத்தவர். மூன்று வாரம் வாய் வரவில்லை, மின்னஞ்சலில் "சார்" என்றே எழுதிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கூட்டத்தில் ஓர் அட்டவணை வந்தது. கடைசி வரியில் கூட்டுத்தொகை தப்பு. பென்சிலால் என் தாளில் வட்டம்கூடப் போட்டுவிட்டேன். "வேறு ஏதாவது?" என்று சுற்றிலும் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. அறிக்கை அப்படியே வெளியே போய், திருத்தி மறுபடி அனுப்ப வேண்டியதாயிற்று. அந்தத் தாளை அவரிடம் காட்டினேன். அவர் திட்டவில்லை, "ஏன் சொல்லவில்லை?" என்று மட்டும் கேட்டார். அதற்குத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

திங்கட்கிழமை இருபது நிமிடம் நேரம் கேளுங்கள். "ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்று போய் நிற்காதீர்கள். உங்களுக்காக வேலை தேட அவர்களுக்கு நேரம் இருக்காது. "அந்த அறிக்கையின் அட்டவணைகளை நான் சரிபார்த்து வியாழக்கிழமைக்குள் தரட்டுமா?" என்று கேளுங்கள். புரியாத சுருக்கப் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள், அந்த அமைப்புகளில் சுருக்கப் பெயர்களுக்குக் கணக்கே இல்லை. காபி இடைவேளையில் பேச்சு பிரெஞ்சுக்கு மாறினாலும் எழுந்து போகாதீர்கள். அறைக்குள்ளோ கடைக்குள்ளோ நுழையும்போது முதலில் "போன்ஜூர்" (பிரெஞ்சில் வணக்கம்) சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் நேரே விஷயத்துக்குப் போனால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள்.

மகன் போய்விட்டான். எத்தனை மணிக்குப் போன் பண்ணினால் தொந்தரவாக இருக்காது?
(ஒரு தந்தை, செல்லூர்)

ஐயா, கோடையில் ஜெனீவா நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை. மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள். இங்கே இரவு பத்து மணி என்றால் அங்கே மாலை ஆறரை அல்லது ஐந்தரை, அந்த நேரம் தோதாக இருக்கும். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் விடியற்காலை ஆறு மணிக்கு அங்கே நள்ளிரவு தாண்டி இரண்டரை. அன்றைக்கு மட்டும் நேரம் பார்க்காமல் வீடியோ காலில் கூப்பிடுங்கள். அவன் விழித்துத்தான் இருப்பான்.