பிப்ரவரி 18-ம் டேடோனா 500-ம்: கேள்வி பதில்

கேள்வி: டேடோனா 500 எல்லா வருடமும் பிப்ரவரி 18-ல்தான் நடக்குமா அண்ணா?

பதில்: இல்லை. அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயத் தொடரில், புளோரிடாவின் டேடோனா தடத்தில் நடக்கும் 500 மைல் பந்தயம் இது. தேதியைவிடக் கிழமைதான் முக்கியம். பிப்ரவரி மூன்றாம் திங்கள் அமெரிக்காவில் அதிபர்கள் தின விடுமுறை. பல ஆண்டுகளாக அதற்கு முந்தைய ஞாயிறுதான் பந்தய நாள். 18-ம் தேதி ஞாயிறாக அமைந்த 1973, 1979, 1990, 1996, 2001, 2007, 2018 எல்லாமே அன்று நடந்தவை. 2024-ல் 18-க்குக் குறித்தும் மழையால் மறுநாள்தான் ஓடியது.

கேள்வி: 1979 பந்தயத்தை மட்டும் ஏன் இன்னும் பேசுகிறார்கள்?

பதில்: 500 மைலையும் தொடக்கம் முதல் முடிவு வரை தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டியது அன்றுதான் முதல் தடவை, காட்டியது சிபிஎஸ் சேனல். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் கடும் பனி, ஜனம் வீட்டுக்குள். கடைசிச் சுற்றில் முதலிடத்துக்கு முட்டிய டானி ஆலிசனும் கேல் யார்பரோவும் மூன்றாம் வளைவில் மோதி நின்றுவிட்டார்கள். அரைச் சுற்று பின்னால் வந்த ரிச்சர்ட் பெட்டிக்கு வெற்றி. அப்புறம் டானியின் அண்ணன் பாபியும் இறங்கி, புல்தரையில் கைகலப்பு. நாஸ்காருக்கு இதைவிட நல்ல விளம்பரம் எங்கே கிடைக்கும்?

கேள்வி: கடைசிச் சுற்றில் முன்னால் போகிறவர்தான் மாட்டுகிறார். ஏன்?

பதில்: டிராஃப்டிங்தான் காரணம். முன் கார் காற்றைக் கிழிக்கிறது. பின் கார் அந்த நிழலில் குறைந்த தடையோடு வந்து, வேகத்தைச் சேர்த்துக்கொண்டு விலகி முந்தும். 1987-ல் டாலடேகா என்ற இன்னொரு வேகத் தடத்தில் பாபி ஆலிசன் கார் பறந்து வேலியைக் கிழித்த பிறகு, 1988 முதல் டேடோனா, டாலடேகா இரண்டிலும் ரெஸ்ட்ரிக்டர் பிளேட் கட்டாயம் ஆனது. கார்புரேட்டருக்குக் கீழே வைக்கும் நான்கு ஓட்டைத் தகடு அது. காற்று குறையும், குதிரைசக்தி குறையும். பக்கவிளைவு: எல்லாக் காரும் ஒரே வேகம், கூட்டமாக ஓட்டம், ஒருவர் தடுமாறினால் இருபது கார் மோதி நொறுங்கும். 2019-ல் தகடு போய், அதேபோல் காற்றைக் குறைக்கும் டேப்பர்டு ஸ்பேசர் வந்தது, கூட்டம் கலையவில்லை.

கேள்வி: டேல் எர்ன்ஹார்ட்டுக்கு இந்தத் தேதி ராசியில்லையோ?

பதில்: ராசிக் கணக்கு எனக்கு வராது, அந்த நாஸ்கார் ஓட்டுநருக்கு நடந்ததைச் சொல்கிறேன். 1990-ல் கடைசிச் சுற்று வரை முன்னணி; உலோகத் துண்டு ஏறி டயர் கிழிந்தது, டெரைக் கோப் ஜெயித்தார். 1996-ல் இரண்டாமிடம். 2001-ல் கடைசிச் சுற்று, நான்காம் வளைவில் சுவரில் மோதி இறந்தார். அவர் அணிக் காரில் மைக்கேல் வால்ட்ரிப் முதலிடம், மகன் இரண்டாமிடம். அவர் இடத்துக்கு வந்த கெவின் ஹார்விக் 2007-ல் 0.02 நொடியில் வென்றார். 2018-ல் வென்றது எர்ன்ஹார்ட் ஓட்டிய அதே 3-ம் எண் கார், ஓட்டியவர் ஆஸ்டின் டில்லன்.

கேள்வி: எர்ன்ஹார்ட்டின் 2001 மோதல் பார்க்கப் பெரிதாகத் தெரியவில்லையே, எப்படி உயிர் போனது?

பதில்: கார் உருண்டால் ஆற்றல் சிறுகச் சிறுகச் செலவாகும். கான்கிரீட்டில் மூக்கு மோதினால் எல்லாம் ஒரே கணத்தில். பெல்ட் உடலைப் பிடித்துக்கொள்ளும், தலையைப் பிடிக்க ஒன்றுமில்லை. ஹெல்மெட்டின் எடையும் சேர்ந்து இழுக்க, மண்டையோட்டின் அடிப்பகுதி உடைகிறது. அதற்கு முந்தைய ஆண்டு நாஸ்கார் ஓட்டுநர்கள் ஆடம் பெட்டியும் கென்னி இர்வினும் இப்படித்தான் இறந்தார்கள். எர்ன்ஹார்ட்டின் இடது இடுப்பு பெல்ட்டும் அறுந்திருந்தது. பட்டை கொக்கியில் ஒரு ஓரத்துக்குச் சறுக்கிக் குவிந்தால் முழு இழுவையும் அந்த ஓரத்தில் விழும், அங்கிருந்து கிழியும். பிறகு 2001 அக்டோபரில் தலையையும் கழுத்தையும் பிடிக்கும் தாங்கி (ஹான்ஸ் அதில் ஒரு வகை) கட்டாயமானது. 2002-ல் இண்டியானாபொலிஸில் தொடங்கி மோதலின் வேகத்தை உள்வாங்கும் சேஃபர் தடுப்புச் சுவர் வந்தது: முன்னே எஃகுக் குழாய், பின்னே ஃபோம் கட்டைகள், அதற்கும் பின்னே பழைய கான்கிரீட்.

கேள்வி: ஹான்ஸ் போடும்போது எங்கே தப்பு நடக்கும் சார்?

பதில்: தோள் பட்டை இரண்டும் ஹான்ஸின் மேலே உட்கார வேண்டும், ஒன்று நழுவி வெறும் தோளில் விழுந்தால் அந்தப் பக்கம் பிடிப்பே இல்லை. முதலில் இடுப்பு பெல்ட்டை இறுக்கி, அப்புறம் தோள் பட்டை. ஹெல்மெட்டின் இருபுறக் கொக்கியும் மாட்டியதை இன்னொருவர் பார்க்கட்டும். எஸ்எஃப்ஐ 16.1 என்ற பாதுகாப்புத் தரச் சான்று பெற்ற பெல்ட்டுக்கு ஆயுள் 2 ஆண்டு, புதிதாகத் தெரிந்தாலும் மாற்றுங்கள்.

கேள்வி: நான் கோ-கார்ட் ஓட்டுகிறேன், ஹான்ஸ் வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம். கார்ட்டில் பெல்ட்டே கிடையாது, ஹான்ஸை எது அழுத்திப் பிடிக்கும்? ஃபோம் கழுத்துப் பட்டையும் விலா கவசமும் வாங்குங்கள்.