டெமரேஜா, டிடென்ஷனா? கேள்வி பதில்

தம்புச்செட்டித் தெரு கிளியரிங் ஆபீஸ்களிலும் மணலி யார்டுகளிலும் மாற்றி மாற்றிப் புழங்கும் இரண்டு ஆங்கிலச் சொற்கள் பற்றி வந்த கேள்விகள்.

கே: இரண்டுமே தாமதக் கட்டணம்தானே?

ப: ஆமாம், ஆனால் கன்டெய்னர் பெட்டி எங்கே கிடந்தது என்று பாருங்கள். சரக்கோடு துறைமுகத்துக்குள் இலவச நாள் தாண்டிக் கிடந்தால் டெமரேஜ். கேட்டைத் தாண்டிப் போன கன்டெய்னர் காலியாகத் திரும்பத் தாமதமானால் டிடென்ஷன். அது லைனுக்கு, அதாவது கப்பல் கம்பெனிக்குப் போகும். உள்ளே 5 நாள், வெளியே 7 நாள் இலவசம் என்று வையுங்கள். 1-ஆம் தேதி இறங்கி 8-இல் வெளியேறினால் டெமரேஜ் 3 நாள். 17-இல் காலியாகத் திரும்பினால், 9 முதல் 15 வரை கழித்து டிடென்ஷன் 2 நாள். சில லைன்கள் கப்பலில் இருந்து இறங்கிய நாளிலிருந்தே டிடென்ஷன் எண்ணும். பாதிச் சண்டை இதனால்தான் வருகிறது. டெலிவரி ஆர்டர் (சரக்கை எடுக்க லைன் தரும் அனுமதிச் சீட்டு) வாங்கும்போதே எந்த நாளிலிருந்து கணக்கு என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

கே: சி.எஃப்.எஸ். (கன்டெய்னர் சரக்கு நிலையம்) பில்லில் 'கிரவுண்ட் ரென்ட்' (இட வாடகை) என்று இருக்கிறதே?

ப: பேச்சில் அதையும் டெமரேஜ் என்போம். கடிதத்தில் பில்லில் உள்ள சொல்லையே எழுதுங்கள்.

கே: சென்னைத் துறைமுக ஜீரோ கேட் வரிசையில் டிரெய்லர் இரண்டு நாள் நின்றது. பார்ட்டிக்கு என்னவென்று பில் போடுவது?

ப: 'ஹால்டிங் சார்ஜ்'. வண்டிக்கும் டிடென்ஷன் என்று எழுதுவோர் உண்டு. லைன் பில்லோடு குழம்பும். வண்டி எண், நின்ற தேதி, நேரம் மூன்றையும் போடுங்கள்.

கே: எண்ணூர் நிலக்கரிக் கப்பலுக்கும் டெமரேஜ் என்கிறார்களே, அங்கே பெட்டியே இல்லையே?

ப: அது கப்பலுக்கான கட்டணம். ஏற்றி இறக்க ஒப்பந்தம் தந்த 'லேடைம்' தீர்ந்த பிறகு, கப்பலை வாடகைக்கு எடுத்தவர் கப்பல்காரருக்குக் கொடுப்பது.

கே: 'டெமரேஜ்ட்' என்று வினையாக எழுதலாமா?

ப: வேண்டாம், 'இன்கர்' (incur) சேர்த்து 'இன்கர்ட் டெமரேஜ்' என்று எழுதுங்கள். 'டிடெய்ன்' வினையாக வரும். 'டெமர்' என்று சுருக்கினால் ஆட்சேபிப்பது என்று பொருள் மாறிவிடும்.

கே: கஸ்டம்ஸ் 'டிடென்ஷன் சர்டிபிகேட்' தந்தது. டிடென்ஷன் மட்டும்தான் தள்ளுபடியா?

ப: அங்கே டிடென்ஷன் என்றால் கஸ்டம்ஸ் சரக்கைப் பிடித்து வைத்தது. அப்படிப் பிடித்த சரக்குக்கு ரென்ட், டெமரேஜ் வாங்கக் கூடாது என்று சி.எஃப்.எஸ்.ஸுக்குச் சொல்வது 2009-ஆம் ஆண்டு விதிகள். கன்டெய்னர் டிடென்ஷன் கேட்கக் கூடாது என்று லைனுக்குச் சொல்வது 2018 விதிகள். ஒரே சான்றிதழை வைத்து இரண்டு தனிக் கடிதம் எழுத வேண்டும், அதில் உள்ள தேதிகளுக்கு மட்டும். எழுதிக் கேட்காமல் யாரும் பில்லைக் குறைக்க மாட்டார்கள்.