பெரியப்பாவைக் கதைக்குள் கொண்டுவரலாமா?

கேள்வி: முதல் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகன் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் டர்னராக, அதாவது லேத் இயந்திரத்தில் உலோகம் கடைபவராக இருந்து ஓய்வுபெற்றவர். அப்படியே என் பெரியப்பாதான். ஞாயிற்றுக்கிழமைகூட, கழுவிய கையை ஒரு பழைய துணியில் மறுபடி துடைத்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார். நண்பருக்காகப் பெரியம்மாவின் வளையலை அவருக்குத் தெரியாமல் அடகு வைத்தது, அதனால் இருவரும் நான்கு வருடம் பேசாமல் இருந்தது எல்லாம் கதையில் வருகிறது. பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டேன். 'யாவும் கற்பனை' என்று போட்டுவிட்டால் போதுமா? பெரியப்பாவிடம் சொல்ல வேண்டுமா?
- வாசகி, பெரம்பூர்

பதில்: போதாது. பெயரை மாற்றினால் ஊராருக்குத்தான் தெரியாது. உங்கள் அத்தை மூன்றாவது பக்கத்திலேயே "இது எங்க அண்ணன்தான்" என்று சொல்லிவிடுவார். ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உங்கள் கதைக்குள்ளேயே இருக்கிறது. முதலில் அதைப் பார்ப்போம்.

ஷெர்லாக் ஹோம்ஸுக்கு மூலம் எடின்பரோவின் அறுவை மருத்துவர் ஜோசப் பெல். கோனன் டாயில் அவரிடம் படித்தவர், புறநோயாளிகள் பிரிவில் உதவியாளராகவும் இருந்தவர். முன்பின் தெரியாத ஒரு நோயாளியைப் பார்த்து, "நீ பட்டாளத்துக்காரன், விலகிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது, பார்படோஸில் இருந்திருக்கிறாய்" என்றார் பெல். எப்படித் தெரிந்தது? வந்த நோயாளி மரியாதை தெரிந்தவர், ஆனாலும் தொப்பியைக் கழற்றவில்லை. அது பட்டாளத்துப் பழக்கம். விலகி நாளாகியிருந்தால் மாறியிருக்கும். நோயோ யானைக்கால், மேற்கிந்தியத் தீவுகளில் வருவது. டாயில் முக்கியமாக எடுத்துக்கொண்டது இந்தப் பார்வையைத்தான். பெல்லின் குடும்பமும் மருத்துவத் தொழிலும் 1887-ல் வந்த முதல் ஹோம்ஸ் கதைக்குள் நுழையவே இல்லை.

நம்ம ஊர் வந்தியத்தேவனும் அப்படித்தான். குந்தவையின் கணவர் என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் அவர் பெயர் வருகிறது. அவ்வளவு கொஞ்சமாகத் தெரிந்ததால்தான் கல்கிக்கு அத்தனை இடம் கிடைத்தது.

உங்களுக்கு நேர்மாறான நிலைமை. பெரியப்பாவைப் பற்றி எல்லாமே தெரியும். 'இவன் ஏன் இப்படிச் செய்தான்?' என்று கதை கேட்கும்போது, 'அப்படித்தான் நடந்தது' என்று கை தானாக எழுதிவிடும். வாசகருக்கு அது பதிலே ஆகாது. எழுதியதைப் புரட்டிப் பாருங்கள். பெரியப்பா வரும் இடங்களில் உரையாடல் குறைந்து, 'அவர் எப்போதும்', 'அவர் வழக்கமாக' என்று வாக்கியங்கள் தொடங்கினால், நினைவைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஒரு நோட்டில் பக்கத்தை இரண்டாகக் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம், நீங்கள் கண்ணால் பார்த்த பழக்கங்கள். வலப்பக்கம், அவர் வாழ்க்கையில் நடந்த சம்பவங்கள். இடப்பக்கத்திலிருந்து மூன்று நான்கை வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துணி கட்டாயம் இருக்கட்டும். காலமெல்லாம் லேத்தில் நின்ற கை, கிரீஸ் போய்விட்டது என்று இன்னும் நம்பவில்லை. உங்கள் கடிதத்திலேயே உயிருள்ள வரி அதுதான். வலப்பக்கத்தில் இருப்பதை அப்படியே எடுக்காதீர்கள். ஆளை மாற்றுங்கள். அடகு வைத்தது மனைவி என்று வையுங்கள், வளையலுக்குப் பதில் வீட்டுப் பத்திரம். இப்போது உங்கள் டர்னர் என்ன செய்வார்? உங்களுக்குத் தெரியாது, யோசித்தாக வேண்டும். பேச்சே இல்லாத அந்த வருடங்களில் துணியைத் துவைத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தது யார்? இதற்குப் பதில் எழுதும் அன்று பெரியப்பா விலகிக்கொள்வார், உங்கள் ஆள் வந்து உட்காருவார். பேச்சு நடையை இன்னொருவரிடமிருந்து எடுங்கள், சங்கத்தில் மைக் பிடிக்கும் ஒருவராக இருக்கலாம். ஒரே ஆளிடமிருந்து எல்லாவற்றையும் எடுப்பதுதான் தப்பு.

இனி சட்டம். அவதூறுக்குப் பெயர் குறிப்பிட்டிருக்க வேண்டும் என்பதில்லை; தெரிந்தவர்கள் அடையாளம் கண்டுகொண்டாலே போதும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு. 'உண்மையைத்தானே எழுதினேன்' என்ற வாதம் குற்ற வழக்கில் தனியாக நிற்காது, பொது நன்மைக்காக என்றும் காட்ட வேண்டும். ஆள் இறந்துபோனாலும் குடும்பத்தார் மனம் புண்படும் நோக்கத்தோடு எழுதியிருந்தால் வழக்கு வரலாம். 'யாவும் கற்பனை' என்ற வரி இதையெல்லாம் தடுக்காது. இங்கிலாந்தில் ஒரு பத்திரிகை, கற்பனைப் பெயர் என்று நினைத்து 'ஆர்ட்டெமஸ் ஜோன்ஸ்' என்று எழுதப்போய், நிஜமாகவே அந்தப் பெயரில் இருந்த வழக்கறிஞருக்கு 1,750 பவுண்டு இழப்பீடு தர வேண்டியதாயிற்று. 1909-ல், அன்று அங்கே உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபையும் அதை உறுதிசெய்தது. அதனால் புதிதாக வைத்த பெயரையும், அதே தொழில், அதே வட்டாரத்தில் யாருக்காவது இருக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள்.

பெரியப்பாவிடம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் முதலில் பெரியம்மாவிடம். வளையல் அவருடையது, நான்கு வருட மௌனமும் பாதி அவருடையது. நாவலை இரண்டாவது முறை திருத்தி எழுதி முடித்ததும், பதிப்பகத்துக்குக் கொடுக்கும் முன், நேரில் போய்ச் சொல்லுங்கள். முழுக் கைப்பிரதியை நீட்ட வேண்டாம். எந்தச் சம்பவம் எந்த உருவத்தில் வருகிறது என்று சொல்லி, அந்தப் பக்கங்களை மட்டும் வாசித்துக் காட்டுங்கள். சரி என்றால் தேதி போட்டு இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் அந்தச் சம்பவத்தை எடுத்துவிடுங்கள். கை துடைக்கும் துணி இருக்கட்டும், அதற்கு அவர்கள் மறுப்புச் சொல்ல மாட்டார்கள்.